மாடியில் புதிதாய் ஆறு பேனல்

மக்களே,

அடுத்த மாதம் நீ ஊருக்கு வருகிறாய் என்று ஷைனி செய்தி அனுப்பியிருந்தாள். நீ அனுப்பவில்லை, உன் பெண்டாட்டிதான் அனுப்பினாள். அன்றைக்குப் போனில் பேசிய பிறகு நீயும் நானும் பேசி ஐந்து வாரம் ஆகிவிட்டது. நீ வந்து இறங்குவதற்கு முன்னால் சில காரியங்களை நான் சொல்லித் தீர்த்துவிட வேண்டும். போனில் என்றால் நீ இடையில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன், இரண்டு பேரும் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவோம். எழுதினால் நீ கடைசிவரை வாசித்துத்தான் ஆக வேண்டும். நான் நர்சாக வேலை பார்த்தவள். வார்டில் ராத்திரி டூட்டி முடிந்து போகும்போது, நோயாளிக்கு என்ன நடந்ததோ அதை நடந்தபடி சார்ட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். இதையும் அப்படியே எழுதப் பார்க்கிறேன். எங்கேயாவது என் கோபம் கலந்துவிட்டால் பொறுத்துக்கொள்.

இந்த வீட்டு மாடியில் முதலில் சோலார் வைத்தது நான்தான் என்பது உனக்குத் தெரியும். மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றபோது கையில் கிடைத்ததில் இரண்டு கிலோவாட் வைத்தேன். ஆறு பேனல், ஒரு இன்வெர்ட்டர், போகிற கரண்டையும் வருகிற கரண்டையும் சேர்த்து எண்ணுகிற ஒரு மீட்டர். வயதான காலத்தில் இதெல்லாம் எதற்காக்கும் என்று உன் அப்பா கேட்டார். நான் கேட்கவில்லை. தினமும் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் மாடிக்குப் போய், நீளக் கம்பில் துணி சுற்றி, காக்கா எச்சத்தையும் ரப்பர் இலைச் சருகையும் துடைத்துவிட்டு இறங்கினால்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும். முதல் மாதம் கரண்ட் பில் வந்தபோது அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இத்தனை வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான், எனக்கே இந்தக் கணக்கு புரியவில்லை என்று சிரித்தார். நன்றாக இருந்த நாட்கள் அவை.

அப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. வார்த்தை குழறியது. நீ வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாய். அதை நான் குறை சொல்லவில்லை, கனடாவில் லீவு கிடைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ போன பிறகு வந்த கோடைக்காலம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. கான்கிரீட் தார்சு வீடு, மேலே வெயில், கீழே படுத்த இடத்தில் அசையாத ஒரு மனுஷன். வியர்த்து வியர்த்து முதுகிலும் இடுப்பிலும் தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கியது. எத்தனையோ பேருக்குப் படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்ட என் கை, என் வீட்டிலேயே அதைத் தடுக்க முடியாமல் நின்றது. அப்போதுதான் உன்னிடம் முதல் தடவை கேட்டேன். அப்பா அறைக்கு ஒரு ஏசி வேண்டும், அதற்கு இப்போதிருக்கிற சோலார் போதாது, இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துத் தா என்று. பார்க்கலாம் அம்மா என்றாய். அடுத்த கோடையிலும் கேட்டேன். இந்த வருடம் கஷ்டம் என்றாய். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. பாயின் மேல் ஈரத்துணி விரித்துப் படுக்க வைத்தேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டேன்.

இந்தத் தை மாதம் ஒரு காலையில் நீயாகவே வீடியோவில் வந்தாய். அப்பாவுக்கு ஏசி இல்லாமல் இனி முடியாது, சோலாரை அஞ்சு கிலோவாட்டாக ஆக்கிவிடுவோம், ஜெபின் என்று ஒரு பையன் வருவான், எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்றாய். போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். நீ அதையே அவரிடமும் சொன்னாய். அவர் கண் நிறைந்தது, உனக்கும் தெரிந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று நான் சாட்சி சொன்னேன். என் மகன் அவன் அப்பாவுக்காக இதைச் செய்கிறான், தூரத்தில் இருக்கிற பிள்ளைகளை நாம் குறை சொல்லக்கூடாது என்று. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அவர்கள் பிள்ளைகளும் வெளிநாட்டில்தான். இப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீ எனக்குச் செய்ததில் இது சின்னக் காரியம்தான். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அது திரும்ப வருகிறது.

ஜெபின் நல்ல பையன். மாடியில் ஏறி அளந்து பார்த்துவிட்டு, பழைய பேனலோடு புதியதைச் சேர்த்து ஒரே இணைப்பில் போட முடியாது, இப்போது வருகிறதெல்லாம் பெரிது, சேர்த்தால் பழையது புதியதையும் பிடித்து இழுத்து வைத்துவிடும், அதனால் புதுசுக்குத் தனி இன்வெர்ட்டர் என்று பொறுமையாக விளக்கினான். மேற்கே நின்ற செங்கவருக்கைப் பலா மத்தியானம் மூன்று மணிக்கு மேல் நிழல் விழுத்தும், அதை எடுத்தால்தான் முழு வெயிலும் கிடைக்கும் என்றான். காய்க்கிற மரம். ஒருநாள் யோசித்தேன், பிறகு வெட்டச் சொல்லிவிட்டேன். உன் அப்பாவின் முதுகைவிட எனக்குச் சக்கைப்பழம் பெரிதில்லை.

ஜெபினோடு இரண்டாவது தடவை ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், நல்ல மரியாதை. கம்பெனி இன்ஜினியர் என்று ஜெபின் சொன்னான், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நான் அப்போது கவனித்தும் பொருட்படுத்தவில்லை. அவர் மாடிக்குப் போவதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி வந்தார். கிணற்றில் சித்திரை மாதமும் வெள்ளம் நிற்குமா என்று கேட்டார். நிற்கும், ஒரு வருடமும் வற்றினதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். பாதையில் லாரி வருமா, மழைக்குச் சுவரில் ஈரம் இறங்குமா, எத்தனை சென்ட் என்றெல்லாம் கேட்டார். இன்ஜினியர் என்றால் எல்லாவற்றையும் கேட்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினேன். சாயா போட்டு, ஏத்தங்காய் வற்றல் வைத்தேன். அப்பா படுத்திருந்த அறைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். மகன்தான் செய்கிறான் சார் என்று அப்பா குழறிச் சொன்னதை நான் அவருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்பட்டாரோ என்று இப்போது தோன்றுகிறது.

பேனல் எல்லாம் ஏற்றி, அப்பா அறைச் சுவரில் ஏசியும் மாட்டி முடிந்தது. நம் இணைப்புக்கு அனுமதித்த லோடு மூன்று கிலோவாட்தான், அதைக் கூட்டினால்தான் மேலே வைத்ததை ஓடவிட முடியும் என்று ஜெபின் சொல்ல, அவனோடு தக்கலை கரண்ட் ஆபீசுக்குப் போனேன். இணைப்பு அப்பா பெயரில், வீடு உன் பெயரில், அதனால் வீட்டு ஆதாரத்தின், அந்தப் பத்திரத்தின் நகல் வேண்டும் என்றார்கள். நீ மெயிலில் அனுப்பியதை எல்லாம் ஜெபின் அச்செடுத்து ஒரு பைலில் வைத்திருந்தான். அதை அப்படியே நீட்டினான். மேஜையில் இருந்த பெண் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு தாளில் நின்றாள். நிதானமாகத்தான் கேட்டாள்.

“அம்மா, வீடு விக்கப் போறீங்களா? கிரய ஒப்பந்தம்லா இதுல இருக்கு. வாங்குறவரு பேருக்கே லோடு மாத்தணுமா, இல்ல இப்ப உங்க பேருலயா?”

எனக்குப் புரியவில்லை. தாளை வாங்கிப் பார்த்தேன். உன் பெயர், உனக்காகக் கையெழுத்துப் போட்ட ஷைனியின் அண்ணன் பெயர். பக்கத்தில் வாங்குபவரின் போட்டோ ஒட்டியிருந்தது. நான் சாயா கொடுத்த மனுஷன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முழுவதையும் வாசித்தேன். விற்பவர் தன் செலவில் சோலாரை ஐந்து கிலோவாட்டாக ஆக்கித் தர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. வீட்டில் இருக்கும் தாய் தகப்பன் தங்கள் ஆயுள் உரிமையை விட்டு எழுதிக் கொடுத்து, வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்று இன்னொரு வரி. அந்த இரண்டாவது வரியைக்கூட நான் தாங்கிக்கொண்டேன், மக்களே. முதல் வரியைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு கோடையும் உன் அப்பாவின் முதுகுக்குக் கிடைக்காத சோலார், வாங்க வந்தவர் கேட்டதும் கிடைத்துவிட்டது.

வெளியே வந்து ஜெபினிடம் கேட்டேன். அவன் பைக்கில் கை வைத்துக்கொண்டு நின்றான். “கனடாலேருந்து அண்ணன் சொல்லாண்டாம்னு சொன்னாரு அம்மா. நீங்க வெளிய அறிஞ்சா சங்கடப்படுவியன்னு, வந்து நேருல சொல்லுவேன்னு சொன்னாரு” என்றான். அவனை நான் ஏசவில்லை. வேலைக்கு வந்தவன். லோடு கூட்டுகிற விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஏன் போட்டேன் என்று நீ யோசிப்பாய். யார் சொல்லி வைத்தாலும் மாடியில் இருக்கிற பேனல் வெயிலில் ஓடும், அப்பாவுக்குக் காற்று வரும். அதை உன் மேலுள்ள கோபத்தில் நான் ஏன் நிறுத்த வேண்டும்?

உனக்கு ஆயுள் உரிமையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உன் கல்யாணத்துக்கு முந்தின மாதம் வீட்டை உன் பெயருக்கு எழுதியபோது, பத்திரம் எழுதுகிறவர் அந்த வரியைத் தானாகவே சேர்த்தார். நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறவரை இங்கே இருக்கலாம் என்று. எனக்குச் சுருக்கென்று வந்தது. என் மகனிடம் நான் இருப்பதற்கு எழுத்து வேண்டுமா என்று சண்டை போட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, இதை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். நான் அவரோடு பிறகு பேசவே இல்லை. போன வாரம் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

நீ கூப்பிடுவாய் என்று நான்கு நாள் காத்திருந்தேன். நீயாகச் சொல்லட்டும் என்று நினைத்தேன். கூப்பிட்டாய். சோலார் எப்படி இருக்கிறது என்று கேட்டாய், உன் மகள் எஸ்தர் பள்ளிக்கூடத்தில் பாடியதைச் சொன்னாய். பிறகு, நான் வரும்போது நீயும் அப்பாவும் தக்கலைக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அப்பாவைக் காரில் கூட்டிப்போய்விடலாம் என்றாய். எதற்கு என்று கேட்டேன். எப்படியாவது உண்மையைச் சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டுதான் கேட்டேன்.

“சோலார் மானியத்துக்குள்ள பேப்பர்தாம்மா. வேற ஒண்ணும் இல்ல.”

அந்த நிமிஷம்தான் நீ என்னை விட்டுப் போனாய். கனடாவுக்குப் போனபோது போகவில்லை. நான் போட்டோவைப் பற்றிச் சொன்னேன். நீ வேகமாகப் பேசினாய். எல்லாம் எங்கள் நல்லதுக்கு என்றாய், நாகர்கோவில் பக்கத்தில் ஒரு நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறேன், டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு, நீ தனியாக அப்பாவைத் தூக்கிக் கஷ்டப்படுகிறாய் என்றாய். கடைசியில் சொன்னாய், “அங்க ஏசியும் உண்டும்மா.” நான் போனை வைத்துவிட்டேன்.

இப்போது என் பங்கை எழுத வேண்டும். எழுதாவிட்டால் இது நேர்மையான கடிதம் ஆகாது. உனக்கு ஆறு வயது இருக்கும்போது எனக்குச் சவுதியில் வேலை கிடைத்தது. சொன்னால் நீ அழுவாய், என்னால் போக முடியாது என்று, யாரும் உன்னிடம் சொல்லக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் கட்டளை போட்டேன். போகிற அன்றைக்கு உனக்கு ஷூ மாட்டிவிட்டு, சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் நான் நிற்பேன் என்று சொல்லி அனுப்பினேன். மணி அடிக்கிற நேரத்தில் நான் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இருந்தேன். வாசலில் உன் அப்பா நின்றார். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டுகிறவரை நீ அங்கிருந்து நகரவில்லை என்று அவர் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் சொன்னார். இரண்டு வருடம் கழித்து முதல் லீவில் வந்தபோது உன்னை வட்டக்கோட்டைக்குக் கூட்டிப்போனோம். கோட்டை மதிலில் நீ அப்பாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தாய். காற்றில் எனக்குக் கேட்காது என்று நினைத்து அவரிடம் கேட்டாய், “இவங்க எப்ப போவாங்க?” எனக்குக் கேட்டது.

அந்தச் சம்பளத்தில்தான் இந்த வீடு எழும்பியது. உன் நல்லதுக்காகத்தான் மறைத்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ போனில் அதே வார்த்தையைச் சொன்னபோதுதான், அதைக் கேட்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. நீ அழுவாய் என்பதற்காக நான் மறைக்கவில்லை. நீ அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். இதை அப்போதே உன்னிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். ஆனால் ஒன்று, நான் அழுகைக்குப் பயந்தேன், உன் அப்பாவின் புண்ணைக் காட்டி யாரிடமும் காரியம் சாதிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்து நீ கணக்கை நேர் செய்துவிடாதே.

நீ பார்த்து வைத்த அந்த இடத்துக்கு நான் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவை அப்பாவின் பக்கத்தில் இருத்திவிட்டுப் போனேன். மோசமான இடம் என்று சொல்ல முடியாது. தரை சுத்தம், கட்டில் உயரம் சரி, புரட்டிப் போட இரண்டு ஆள் உண்டு. நான் பார்த்த ஆஸ்பத்திரிகளில் பாதிக்கு மேல் இதைவிட மோசம். அங்கிருந்த பெண் பதிவேட்டைத் திறந்து, ஆமா அம்மா, உங்க ரெண்டு பேருக்கும் ரூம் சொல்லி வெச்சிருக்கு என்று காட்டினாள். எங்கள் பெயர் இரண்டும் வரிசையாக இருந்தன. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு வயது எழுபது ஆகப் போகிறது. போன மாதம் அவரைத் தூக்கும்போது என் முட்டு மடங்கி, இரண்டு பேருமே கட்டில் ஓரத்தில் சாய்ந்து கிடந்தோம். நீ ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா, உன்னால் இனி முடியாது, எனக்கும் அங்கே வீடு வாங்க வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தால், நான் சம்மதித்திருப்பேன் என்றே நினைக்கிறேன். அழுதிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு நானே அப்பாவிடம் சொல்லியிருப்பேன். கேட்டால் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றை நீ திருடப் பார்த்தாய். எனக்கு ஆறவே ஆறாதது அதுதான்.

வாங்க வந்தவர் பெண்டாட்டியோடு வீட்டுக்கு வந்தார். நான்தான் ஒப்பந்தத்தில் இருந்த விலாசத்துக்கு இரண்டு வரி எழுதிப் போட்டிருந்தேன், நாங்கள் எழுதிக் கொடுக்கப் போவதில்லை, எங்களுக்கு இதுவரை தெரியாது என்று. அவர் வாசலிலேயே நின்றார். பெற்றவர்களுக்குச் சம்மதம், ஆனால் பேசினால் மனம் வருந்துவார்கள், அதனால் இன்ஜினியர் என்று சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று உன் மச்சான் சொன்னதாகச் சொன்னார். படுத்திருந்த மனுஷனைப் பார்த்த அன்றைக்கே எனக்கு உறக்கம் இல்லை அம்மா என்றார். அவர் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒப்பந்தத்தை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். உன் மச்சான் உன்னிடம் சொல்லியிருப்பான்.

ஆகவே நீ வரும்போது எந்தத் தாளையும் கொண்டுவராதே. விற்பதா, அங்கே போவதா என்பதை நாம் மூன்று பேரும் ஒரே அறையில் இருந்து பேசுவோம். உன்னை நான் வீட்டுக்குள் விடாமல் இருக்கப் போவதில்லை. பழையபடி நம்புவேன் என்றும் சொல்லமாட்டேன், அது எனக்கே தெரியாது. எஸ்தரை எங்கேயாவது விட்டுவிட்டுப் போக வேண்டி வந்தால், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. அவள் உன்னைப் பிடித்து அடிக்கட்டும், அலறட்டும். அது ஒரு நாளில் முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. புது மீட்டர் வைத்த அன்றைக்கே ஏசி ஓடத் தொடங்கியது. இப்போது மத்தியானம் நன்றாக உறங்குகிறார், இடுப்பில் சிவந்த இடம் ஆறி வருகிறது. பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் மேலே சுவரைக் காட்டி, மகன் வைத்துத் தந்தது என்று சொல்கிறார். குழறல்தான், ஆனாலும் எல்லோருக்கும் புரிகிறது. நீ வருகிறாய் என்று சொன்னதிலிருந்து ஒரு வாக்கியத்தைத் திருத்தமாகச் சொல்ல அவர் பழகிக்கொண்டிருக்கிறார், உன்னிடம் நன்றி சொல்வதற்கு. தினமும் காலையில் நான் முகம் துடைத்துவிடும்போது என்னிடம் சொல்லிப் பார்க்கிறார். நேற்று ஏறக்குறைய முழுவதும் சரியாக வந்தது. நீ வந்ததும் அவர் உன்னைக் கட்டில் பக்கத்தில் கூப்பிட்டு அதைச் சொல்வார். நீ அவருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித் தரமாட்டேன். அந்நேரம் நான் அறையில் இருக்கமாட்டேன்.

அம்மா